தொரை பங்களாவில் அம்மாவுக்கு ஓர் அறை

அவிநாசிப் பக்கம் வந்து எங்கள் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் அப்பாவின் பெயரைச் சொல்லிக் காட்டமாட்டார்கள். "தொரை பங்களாதானுங்களே? நேராப் போங்க, ஒரு புகைக்கூண்டு தெரியும், அங்க திரும்பிக்குங்க" என்பார்கள். பங்களாவை எங்கள் குடும்பம் வாங்கி மூன்று தலைமுறை ஆகப்போகிறது. ஆனாலும் ஊரைப் பொறுத்தவரை நாங்கள் துரை வீட்டில் ஒண்டிக் குடியிருப்பவர்கள்தான்.

அந்தத் துரை யார் என்று எங்களுக்குச் சரியாகத் தெரியாது. பஞ்சு வாங்க வந்த வெள்ளைக்காரர் என்பார்கள். சொந்த ஊரில் அவர் பிறந்து வளர்ந்த பண்ணை மாளிகையை அப்படியே இங்கே கட்டிப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறார். வெயில் மண்டையைப் பிளக்கும் ஊரில், ஹாலின் நடுச்சுவரில் ஆள் நுழைகிற அகலத்துக்குக் குளிர்காயும் அடுப்பு ஒன்று. அதற்கு மேல் கூரையைத் தாண்டி நிற்கும் புகைபோக்கி. பனி விழுந்தால் வழுக்கிக்கொண்டு போகட்டும் என்று கூரையைச் செங்குத்தாக இறக்கியிருக்கிறார். எங்கள் ஊரில் மழையே பெரும்பாலும் பஞ்சாங்கத்தில்தான் பெய்யும். மனிதருக்கு ஊர் ஞாபகம் அவ்வளவு பொல்லாததாக இருந்திருக்க வேண்டும், பாவம்.

இருந்தாலும் அழகான வீடு. முகப்பில் உருண்டைத் தூண்கள் வைத்த போர்டிகோ, உள்ளே பெரிய ஹால், ஹாலின் ஓரமாக வளைந்து மேலே போகும் தேக்குப் படிக்கட்டு. கீழே கிழக்குப் பக்கத்தில் ஓர் அறை. அதன் சன்னல் சுவரோடு சுவராக நிற்காமல் மூன்று பக்கமும் கண்ணாடியோடு வெளியே பிதுங்கிக்கொண்டு நிற்கும். உள்ளே உட்கார மேடை உண்டு. நாங்கள் அதைத் தொப்பை சன்னல் என்போம். அந்த அறை தொப்பை சன்னல் ரூம். வீட்டிலேயே வெளிச்சமான, காற்றோட்டமான அறை அதுதான்.

அப்பாவின் அப்பா இந்த வீட்டை வாங்கியதும் செய்த முதல் காரியம், வாசற்படியை அடைத்ததுதான். தெற்குப் பார்த்த வாசல் ஆகாது என்று யாரோ சொல்லிவிட்டார்கள். கிழக்குப் பக்கம் ஒரு சன்னலை இடித்து வாசல் ஆக்கினார். ஆக, துரை அவ்வளவு ஆசையாகக் கட்டிய போர்டிகோவில் வண்டி வந்து நின்றால், இறங்குகிறவர் தூண்களின் அழகைப் பார்த்துக்கொண்டே வெறும் சுவரில் போய் முட்டிக்கொள்ள வேண்டியதுதான். குளிர்காயும் அடுப்பையும் அவர் சும்மா விடவில்லை. சுத்தமாக வெள்ளையடித்து, உள்ளே சாமி படங்களை மாட்டிவிட்டார். வீட்டுக்கு வந்த உறவுக்காரர்கள், இவ்வளவு பெரிய பூஜை மாடத்தை வெள்ளைக்காரன் எதற்குக் கட்டினான் என்று வியந்து போனார்கள்.

அதன்பிறகு அப்பாவின் காலம் வந்தது. அப்பாவோடு மெஷின்களும் வந்தன.

முதலில் பனியன் துணி பின்னும் ஒரே ஒரு நிட்டிங் மெஷின்தான். போர்டிகோவுக்குப் பக்கத்து அறையில் ஓரமாக இருக்கட்டும் என்றார். பிறகு அதற்குத் துணை வந்தது. பிறகு தையல் மெஷின்களை வரிசையாகப் பூட்டிய பவர் டேபிள் ஹாலுக்குள் வந்தது. ஒவ்வொரு முறையும் அப்பா அம்மாவிடம் வந்து ஒரே வாக்கியத்தைத்தான் சொல்வார். "ஏம்புள்ள, பத்து நாளைக்கு மட்டும். இந்த ஷிப்மென்ட் போயிரட்டும்." அம்மாவும் "அதுக்கென்னுங்க" என்று சொல்லிவிட்டு மெத்தையைச் சுருட்டுவாள். ஷிப்மென்ட் போகும். மெஷின் போகாது. வந்த இடத்தில் வேர்விட்டு அடுத்த ஆண்டு குட்டியும் போட்டிருக்கும்.

இப்படியாகக் கீழ்வீட்டில் எங்களுக்கு இருந்த அறைகள் ஒவ்வொன்றாகக் கைமாறின. சாப்பிடும் அறையில் கட்டிங் டேபிள். பின்கட்டுச் சமையலறையில் நூல் பெட்டிகள். தொப்பை சன்னல் ரூமில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, துணியில் ஓட்டை, கிழிசல் பார்க்க வசதி என்று செக்கிங் பெண்களை உட்காரவைத்துவிட்டார். தைத்து முடித்த பீஸ்களுக்கு இஸ்திரி போட நீராவி வேண்டியிருந்தது. பாய்லரை எங்கே வைப்பது என்று அப்பா ஒரு சுற்றுச் சுற்றி வந்து, சாமி மாடத்துக்கு முன்னால் நின்றார். மேலே புகைபோக்கி தயாராக நிற்கும்போது வேறு இடம் எதற்கு? சாமி படங்கள் மாடிக்குப் போயின. எங்கள் குடும்பத்தில் முதலில் மாடியேறியவர்கள் அவர்கள்தான். அடுத்து நாங்கள் போனோம். கடைசியாக அடுப்படியும் மேலே போனது. பனிக்குப் பயந்து போட்ட செங்குத்துக் கூரையை எடுத்துவிட்டுத் தளம் அமைத்து, அதற்கு மேலே தகரக் கொட்டகை போட்டு, அதிலும் மெஷின். ஆக, எங்களுக்குக் கீழேயும் பனியன், தலைக்கு மேலேயும் பனியன். நடுவில் நாங்கள்.

அப்பாவைக் கஞ்சர் என்றோ கல்மனசுக்காரர் என்றோ நினைத்துவிடக் கூடாது. அவருக்குக் கண் அப்படி அமைந்துவிட்டது, அவ்வளவுதான். எந்த இடத்தைப் பார்த்தாலும் அதில் எத்தனை மெஷின் நிற்கும் என்றுதான் தெரியும். கல்யாண மண்டபத்துக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டார், "ரெண்டு லைன் தாராளமா ஓட்டலாம்" என்பார். ஒரு முறை கோயிலில் தூண் மண்டபத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றவரை அம்மா இடுப்பில் கிள்ளி, "சாமியப் பாருங்க" என்றாள்.

நான் கல்யாணமாகிப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன். அப்பாவின் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையர்களோடு பேசுகிற மெர்ச்சண்டைசிங் வேலை என்னுடையது. அதனால் இந்த வீட்டில் நடந்த எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

ஒரு நாள் கோயம்புத்தூரிலிருந்து கட்டடக் கலை படிக்கும் பிள்ளைகளை ஒரு பேராசிரியை அழைத்து வந்தார். பழைய ஆங்கிலேயர் வீடுகளைப் பார்த்துப் படம் வரைகிறார்களாம். அவர் உள்ளே வந்ததும் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். பாய்லருக்கு முன்னால் நின்று, "இது ஃபயர் பிளேஸ் இல்லையா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"ஆமாங்க. கட்டுன நாள்ல இருந்து சும்மாதானுங்க கெடந்துச்சு. நாந்தான் அதுக்கு ஒரு வேலை போட்டுக் குடுத்தேன்" என்றார் அப்பா பெருமையோடு.

பேராசிரியை திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவரோ சிரித்துவிட்டார். இங்கிலாந்திலும் இந்த மாதிரி மாளிகைகள் கட்டியது கட்டியபடி நின்றதில்லை என்றார். ஒரு தலைமுறை ஒரு பக்கத்தை நீட்டும். அடுத்த தலைமுறை வாசலை மாற்றும். சன்னல்களை அடைப்பார்கள், படிக்கட்டை இடம் மாற்றுவார்கள், முகப்பை மட்டும் புதிதாகக் கட்டி ஒட்டுவார்கள். இப்போது எது முதலில் கட்டியது, எது பின்னால் வந்தது என்று கண்டுபிடிக்கவே ஆட்கள் இருக்கிறார்களாம்.

அவர் இதைச் சொல்லாமலே போயிருக்கலாம். அன்றிலிருந்து அப்பாவை யாரும் எதுவும் கேட்க முடியாமல் போயிற்று. சுவரில் ஓட்டை போடுகிறீர்களே என்றால், "சீமையிலயே அப்படித்தான்" என்பார். கழிவறைக்கு முன்னால் துணி மூட்டையை அடுக்கினால்கூட அதற்கும் சீமை வந்துவிடும். அம்மாதான் ஒரு தடவை திருப்பிக் கேட்டாள். "அங்கெல்லாம் மனுசருக்காகத்தான இடிச்சாங்க? மெசினுக்காகவா இடிச்சாங்க?" அப்பா காதில் விழாத மாதிரி போய்விட்டார். மெஷின் சத்தத்தில் அந்த வசதி உண்டு.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது அம்மாவின் முழங்கால் கெட்டது. துரை போட்ட படிக்கட்டு பார்க்கத்தான் ராஜாங்கமாக இருக்கும். படி ஒவ்வொன்றும் நல்ல உயரம். பல வருடமாக அதில் ஒரு நாளைக்கு எத்தனையோ முறை ஏறி இறங்கியிருக்கிறாள். மூட்டு மாற்று ஆபரேஷன் செய்யத்தான் வேண்டும், செய்த பிறகு மாடிப்படி கூடவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். காரில் திரும்பி வரும்போது அம்மா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப நா எங்கீங்க படுக்கறது?"

கீழே மொத்தமும் கம்பெனி. அப்பா நெடுநேரம் யோசித்துவிட்டு, துணிச் சுருள்களை மேலே தூக்குகிற கூண்டு லிஃப்ட் இருக்கிறதே, அதில் போய் வரலாமே என்றார். "ஒரு நாற்காலி போட்டுக்கலாம். அது எவ்வளவு வெயிட்டு வேணாலும் தாங்கும்." வெயிட் பேச்சை அவர் எடுத்திருக்கக் கூடாது. அந்தக் கூண்டில் ஏறவே மாட்டேன் என்று அம்மா சொல்லிவிட்டாள்.

ஆபரேஷன் முடிந்து, அம்மா மூலனூரில் தன் தம்பி வீட்டில் கொஞ்ச நாள் தங்கினாள். அங்கே மாடியில்லாத வீடு, தோட்டத்தில் நடந்து பழகலாம் என்று ஏற்பாடு. அப்பா தினமும் போன் செய்தார். "உனக்கு ரூமு ரெடியாயிட்டு இருக்குது. தொப்பை சன்னல் ரூமுதான். செக்கிங்க மேல மாத்தியாச்சு." அதைக் கேட்டபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. வீட்டில் ஓர் அறை மெஷினிடமிருந்து மனிதருக்குத் திரும்பி வருவது அதுதான் முதல் தடவை. ஆனால் வேலை நடக்கும்போது யாரையும் எட்டிப் பார்க்க விடவில்லை. கொத்தனாரும் வயர்மேனும் போவதும் வருவதுமாக இருந்தார்கள். அப்பா கல்யாணம் கட்டப்போகிற பையன் மாதிரி ஒரு மாதிரி வெட்கத்தோடு திரிந்தார்.

அம்மா வாக்கரைத் தள்ளிக்கொண்டு, முருங்கைக்காய்க் கட்டோடு காரிலிருந்து இறங்கினாள். அப்பா முன்னால் ஓடிப் போய், குனிந்து, கடகடவென்று ஒரு ஷட்டரை மேலே தூக்கினார்.

ஆமாம், ஷட்டர். அறையின் பழைய மரக்கதவைக் கழற்றி, வழியை அகலமாக்கி, கடைகளுக்குப் போடுகிற ஷட்டரைப் போட்டிருந்தார். உள்ளே கூரையில் வரிசையாகக் குழல் விளக்குகள். நிழலே விழாது. தரையில் சுற்றிலும் மஞ்சள் கோடு இழுத்த சாம்பல் நிற வழவழப்பு. சுவர் உயரத்தில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். சுவர் நெடுக, இடுப்பு உயரத்தில், அளந்து வைத்த மாதிரி பிளக் பாயிண்டுகள். ஷட்டர் ஓரம் சிவப்பு விளக்கு எரியும், மெஷின் ஓட்டுவதற்கான த்ரீ பேஸ் கரண்ட் போர்டு. தீயணைப்புச் சிலிண்டர்கூடத் தொங்கியது. அறையின் நடுவே, எல்லாப் பக்கமும் ஆள் போய் வர இடம் விட்டு, அம்மாவின் கட்டில். ஒரு புது மெஷின் வந்து இறங்கியிருக்கிற மாதிரியே இருந்தது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம் அந்த முகத்தில். அவர் ஏமாற்றவில்லை, சிக்கனமும் பிடிக்கவில்லை. ஒரு நல்ல அறை என்றால் அவருக்குத் தெரிந்தது இதுதான். தன் மெஷின்களுக்கு எது எதெல்லாம் நல்லது என்று ஆயுள் முழுக்கக் கற்றுக்கொண்டாரோ அதையெல்லாம் மிச்சம் வைக்காமல் மனைவிக்குச் செய்திருந்தார்.

அம்மா மெல்ல ஒரு சுற்று நடந்தாள். போர்டின் முன்னால் நின்றாள்.

"ஏனுங்க, எனக்கெதுக்குங்க மூணு பேஸு?"

"இருக்கட்டும் புள்ள. பின்னாடி எதுக்காச்சும் ஆகும்."

அந்தப் 'பின்னாடி' என்ற வார்த்தையைச் சொன்னதும்தான் அப்பாவுக்கே சுருக்கென்றது போலிருக்கிறது. எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டுக் காட்டப் போய்விட்டார். அம்மா கட்டிலில் உட்கார்ந்து சுவரையே பார்த்தாள். எனக்கு அவள் மனசு தெரிந்தது. இந்த அறை அவளுக்காகக் கட்டியதுதான். ஆனால் அடுத்த ஆர்டர் வரும்வரைக்கும்தான்.

அடுத்த சில வாரங்கள் அவள் அந்த அறையில் ராணி மாதிரி இருந்தாள். தொப்பை சன்னல் மேடையில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பாள். டீ நேரத்தில் தையல் பெண்கள் வந்து உட்கார்ந்து பேசுவார்கள். ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் பாதி இந்தி, பாதி தமிழில் தன் மாமியாரைப் பற்றிச் சொல்ல, அம்மா முழுத் தமிழில் ஆறுதல் சொல்வாள். இருவருக்கும் குறை இல்லை. ஒரே தொந்தரவு, ஷட்டரை இழுத்தால் ஊருக்கே கேட்கும் என்பதால் அது பாதி திறந்தபடியே நிற்கும். "அஞ்சு நிமிசம் வெச்சுக்கறனுங்கம்மா" என்று யாராவது ஒரு மூட்டையை உள்ளே தள்ளிவிட்டுப் போவார்கள். அப்பாவும் குனிந்து குனிந்து வந்து போவார்.

அப்புறம் ஆர்டர் வந்தது. பெரிய ஆர்டர். அதை நான்தான் பேசி முடித்தேன் என்பதால் என்னாலும் ஒன்றும் சொல்ல முடியவில்லை. இன்னும் ஒரு லைன் தையல் மெஷின் போட்டால்தான் நேரத்துக்கு முடியும். அப்பா அறையைச் சுற்றிச் சுற்றி வர ஆரம்பித்தார். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்க வருவார், கண் மட்டும் பிளக் பாயிண்டுகளின் மேல் இருக்கும். ஒரு நாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நீயி உங்கம்மாகிட்டச் சொல்லிப் பாரு கண்ணு" என்றார்.

"நான் மாட்டேனுங்கப்பா."

"பத்து நாளைக்கு மட்டுந்தான்."

"அதையும் நீங்களே சொல்லிக்குங்க" என்றேன். எனக்கு நிஜமாகவே கோபம். அவர் மேலும், பாதி என் மேலும்.

மறுநாள் காலையில் அவரே போய்க் கேட்டார். நான் ஹாலில் சாம்பிள் பார்த்துக்கொண்டிருந்தேன். வழக்கமான வாக்கியம்தான், கொஞ்சம் குரல் இறங்கியிருந்தது. அம்மா உடனே சரி என்றாள்.

"நா வேண்டாங்கலீங்க. எடம் உங்குளுது. மெசினும் உங்குளுது. ஆனா டாக்டரு என்னையப் படி ஏறக் கூடாதுன்னுட்டாரு. அதனால நீங்களே தூக்கிட்டுப் போயி மேல உட்ருங்க."

சொல்லிவிட்டு, கட்டிலின் ஓரத்துக்கு நகர்ந்து, குழந்தை தூக்கச் சொல்வது போல இரண்டு கைகளையும் நீட்டினாள்.

அப்பா ஒல்லி. எழுபதைத் தாண்டியவர். அம்மா அப்படியில்லை. ஷட்டருக்கு வெளியே இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் வாய்விட்டே சிரித்துவிட்டேன். பிறகுதான் அம்மா சிரிக்கவில்லை என்பதைக் கவனித்தேன். நீட்டிய கைகளை அவள் மடக்கவும் இல்லை. இந்தத் தடவை மேலே போனால் அவள் திரும்பக் கீழே வரப்போவதில்லை. மாடியிலேயே, பனியனுக்கும் பனியனுக்கும் நடுவில், கடைசி வரைக்கும். அது அவளுக்கும் தெரியும், அப்பாவுக்கும் அந்த நிமிஷம் தெரிந்துவிட்டது.

அப்பா அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து வெளியே போனார். சாப்பிட வரவில்லை. மதியம் என் மேஜையில் வந்து உட்கார்ந்து, அந்த ஆர்டர் கொடுத்த ஏஜென்டுக்குத் தானே போன் போட்டார். "இல்லீங்க, முழுசும் இங்க பண்ண முடியாதுங்க. பாதிய அவிநாசிபாளையத்துப் பக்கம் வெளியாளுங்களுக்கு ஜாப் வொர்க் குடுத்துத்தான் முடிக்கோணும். எடமில்லீங்க." பிறந்ததிலிருந்து அப்பா வாயில் அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. எதிர்முனையில் இருந்தவருக்கும் நம்பிக்கை வரவில்லை போலிருக்கிறது. "ஆமாங்க, எங்கூட்ல எடமில்லீங்க" என்று இன்னொரு தரம் சொன்னார்.

மறுநாள் வயர்மேன் வந்து த்ரீ பேஸ் போர்டைக் கழற்றினான். அப்பா பக்கத்திலேயே நின்று, அவன் கம்பிகளை இழுத்து வெட்டி, ஓட்டையில் சிமெண்ட் வைத்து அடைக்கும்வரை நகரவில்லை. எல்லாம் முடிந்ததும் அம்மா பக்கம் திரும்பி, "வேற என்ன புள்ள வேணும்?" என்றார். இந்த வீட்டில் இத்தனை சுவர்களை இடித்துக் கட்டியவர், அவளிடம் அப்படிக் கேட்டது அதுதான் முதல் முறை என்று நினைக்கிறேன்.

அம்மா யோசிக்கவே இல்லை. "கதவு வேணுங்க. உள்ளார தாழ்ப்பா போடற மாதிரி."

ஷட்டர் போயிற்று. மரக்கதவு வந்தது. பித்தளைத் தாழ்ப்பாளை அப்பாவே பஜாருக்குப் போய் வாங்கி வந்தார். ஆசாரி வேலை முடித்துப் போனதும், பட்டப்பகலில், அம்மா உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டாள். அந்தச் சத்தம் ஹாலில் எனக்குக் கேட்டது.

கொஞ்ச நேரத்தில் அப்பா வந்தார். பழக்கதோஷத்தில் தலையைக் குனிந்துகொண்டே வந்து, கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. சுற்றிலும் பார்த்தார். தையல் பெண்கள் எல்லோரும் மும்முரமாகத் தைத்துக்கொண்டிருந்தார்கள். பிறகு, விரலை மடக்கி, மெதுவாகத் தட்டினார்.

"ஆருங்க அது?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நாந்தாம் புள்ள."

"சித்த இருங்க" என்றாள்.

அப்பா கைகளைக் கட்டிக்கொண்டு கதவுக்கு வெளியே நின்றார். அம்மா அவசரப்படவில்லை.